கரை முழுக்கக் கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் ஒரு மத்தியானம் சீலா மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். வேலையில் இருந்தபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் போனில் ஒரு படம் அனுப்பினாள். ரிசீவரின் திரை. கீழே ஒரு வரி: "அக்கா, சிக்னல் லெவல் திடீர்னு இறங்குது, அப்புறம் தானா ஏறுது. கேபிளை மாத்திரவா?" கரண்டியை வைத்துவிட்டு, "எதையும் மாத்தாதளா, முதல்ல நல்லாப் பாரு" என்று பதில் போட்டேன். "என்னத்தப் பாக்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கட்டைவிரலால் பதிலைத் தட்ட ஆரம்பித்தேன். அது முடிகிற வழியாக இல்லை, மீன் கருகிவிட்டது. ஆளாளுக்குப் போனில் சொல்லி மீனைக் கருக்க இனி என்னால் ஆகாது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செல்வக்கனி. பிறந்தது சாயர்புரம், வாழ்க்கைப்பட்டது மாப்பிள்ளையூரணி. தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து ஓர் உயரமான கம்பம் நிற்கும். அதன் அடியில் இருந்த ரேடியோ நிலையத்தில் டெக்னீசியனாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். எங்கள் வேலை கேட்பது. கப்பலோ படகோ ஆபத்தில் கூப்பிட்டால் அந்தக் குரல் எங்கள் கம்பத்து ஆன்டெனாவில் விழ வேண்டும். நாங்கள் அதை மீட்புக் கப்பலுக்குச் சொல்ல வேண்டும். குரல் வந்து விழுந்தும் எங்கள் கருவிக்குக் கேட்கவில்லை என்றால், அப்புறம் நாங்கள் எதற்குச் சம்பளம் வாங்கினோம்?

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பாலிடெக்னிக் முடித்தேன், வேலைக்கு வந்தேன், சாலிடர் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டேன். பொம்பளைப் பிள்ளை கம்பத்தில் ஏறக் கூடாது என்றார்கள். ஏறிக் காட்டினேன். அதற்குப் பிறகு கம்பத்து வேலை எல்லாம் என் தலையில்தான். உப்பளத்து ஊரில் கடலோரக் கம்பம் என்றால் சும்மாவா? கனெக்டரை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உப்புக் காற்று உள்ளே போய்ப் பச்சையாகப் பூத்துவிடும். அதைச் சுரண்டிச் சுரண்டியே என் வாலிபம் போயிற்று.

எங்கள் சூப்பர்வைசர் சாகுல் சார். காயல்பட்டணத்துக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் வளைகுடா நாடுகளில் இருக்க, இவர் ஒருவர்தான் ஊரிலேயே தங்கியவர். கருவி இருக்கும் அறைக்குள் நுழையும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பள்ளிவாசலுக்குள் போகிறவரைப் போல அவ்வளவு அமைதியாக வருவார். திரையைப் பார்ப்பார். நம்மைப் பார்ப்பார். சிக்னல் குறைகிறது என்று யார் சொன்னாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "ஒண்ணு குறைஞ்சிச்சா, எல்லாம் குறைஞ்சிச்சா?"

அதற்குப் பதில் தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டவர்களை அவர் திட்டமாட்டார். "டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். அதுதான் திட்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பலன் இல்லை என்றால் பழையதையே திரும்ப மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் எதனால் சரியாயிற்று என்று கடைசிவரை தெரியாது என்பார். கம்பத்து உச்சியில் புதுக் கேபிளை மாட்டி இறங்கி வந்த என்னிடம், "மாறலையேம்மா கனி, பழசையே மாட்டிருவோமா?" என்று அவர் கேட்ட நாட்களில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மறுபடியும் ஏறினேன். அவர் சொல்வது சரி என்று எனக்கே தெரியும், அதுதான் கூடுதல் எரிச்சல்.

பழைய காலத்து ரிசீவர்கள் ஒவ்வொன்றும் ஒரு சேனலுக்கு ஒரு பெட்டி. ஒரு பெட்டி தன் சேனலைத் தவிர வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ளாது. அவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒரு ரிசீவர் வந்தது. அத்தனை பெட்டிகள் செய்த வேலையையும் இந்த ஒற்றைப் பெட்டி செய்யும் என்றார்கள். ஆன்டெனாவில் விழுவது எல்லாவற்றையும் அப்படியே அள்ளி, எண்ணாக மாற்றி, கம்ப்யூட்டருக்குள் கொடுத்துவிடும். எந்தச் சேனல், எவ்வளவு சத்தம் என்பதை எல்லாம் பிறகு சாஃப்ட்வேர் பிரித்துக்கொள்ளும்.

அதைத் திரையில் முதன்முதலில் பார்த்த நாளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வாட்டர்ஃபால் என்று அந்தப் படத்துக்குப் பெயர். மேலிருந்து கீழாக நேரம் வழிந்துகொண்டே இருக்கும். யாராவது பேசினால் அவர் சேனல் இருக்கும் இடத்தில் ஒரு வெளிச்சக் கோடு. துறைமுகத்து இழுவைப் படகு ஒரு தடித்த கோடு. வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்த நிலக்கரிக் கப்பல் ஒரு நடுத்தரக் கோடு. எங்கோ கொழும்புப் பக்கம் போய்க்கொண்டிருந்த கப்பல் ஒரு சிறு இழை. இத்தனை வருஷம் இந்தக் கடலைக் காதால் கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான் அது பேசுவதைக் கண்ணால் பார்த்தேன். சாகுல் சார் வெகுநேரம் நின்றார். "சுபுஹானல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவர் வழக்கப்படி, "எல்லாத்தையும் ஒரே காதுல கேக்குது. காது தாங்குமா?" என்றார். அன்றைக்கு நான் அதைக் காதில் வாங்கவில்லை. கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருநாள் மாலையில், கோடுகள் எல்லாம் மங்கின. சிறிது நேரத்தில் தானாகத் திரும்பி வந்தன. மறுநாள் மறுபடியும். கோடுகளுக்கு இடையில் எப்போதும் ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும். யாருமே பேசாவிட்டாலும் இருக்கும். நாங்கள் அதைத் தரை என்போம். அந்தத் தரையும் சேர்ந்து இறங்கியது.

"ஒண்ணா, எல்லாமா?" என்று கேட்டார் சார்.

"எல்லாம் சார். தரையும் சேத்து."

"எல்லாம் குறைஞ்சா, குறைஞ்சது அவுக இல்லம்மா. நாமதான்."

சரி, எங்களிடம்தான் கோளாறு. எங்கே? கனெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இறங்கியது. கேபிளை மாற்றினேன். இறங்கியது. (திரும்பப் பழையதை மாட்டினேன், சொல்லவும் வேண்டுமா?) மின்னல் தாங்கியை மாற்றினோம், பவர் சப்ளையை மாற்றினோம். பெட்டி செய்த கம்பெனிக்காரர் சென்னையிலிருந்து போனில், சாஃப்ட்வேரைப் புதுப்பித்தால் போதும் என்றார். புதுப்பித்தோம். புதுப்பித்த சாஃப்ட்வேரிலும் அழகாக இறங்கியது.

பிறகு சார் ஒரு வேலை செய்யச் சொன்னார். சிக்னல் ஜெனரேட்டர் என்று ஒரு கருவி உண்டு. நாம் கேட்ட அளவில், அணுவும் பிசகாமல், ஒரு சின்னஞ்சிறு சிக்னலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை ஆன்டெனாவோடு சேர்த்து ரிசீவருக்குள் விட்டோம். அளவு மாறாத ஒரு கோடு திரை ஓரத்தில் எப்போதும் நிற்கும். மற்றவை இறங்கும்போது இதுவும் இறங்கினால் கோளாறு பெட்டிக்குள்; இது மட்டும் நின்றால் கோளாறு வெளியே. இதுவும் இறங்கியது. அடுத்து ஆன்டெனாவையே கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டிப் பார்த்தோம். ஜெனரேட்டர் கோடு நாள் முழுக்க நூல் பிடித்ததுபோல நின்றது. ஆன்டெனாவைத் திரும்ப மாட்டியதும் பழையபடி ஆட்டம்.

அப்படியென்றால் பெட்டியிலும் கோளாறு இல்லை. ஆன்டெனா வழியாக என்னவோ உள்ளே வருகிறது. மிகப் பலமாக ஏதாவது வந்தால் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே தன் காதைக் குறைத்துக்கொள்ளும். ஏ.ஜி.சி. என்போம். கல்யாண வீட்டில் ஒருவன் நம் காதோரம் மைக்கில் கத்தினால் காதைப் பொத்திக்கொள்கிறோம் அல்லவா? பொத்திய பிறகு எதிரே நிற்கும் அத்தை பேசுவதும் கேட்காது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் கத்துகிறவன் யார்? திரையில் அப்படி ஒரு தடித்த கோடு இல்லவே இல்லை. எங்கள் திரை கப்பல்களுக்கு ஒதுக்கிய சேனல்களை மட்டும்தான் காட்டும்படி வைத்திருந்தோம். கடலில் இருப்பவர்கள் அங்கேதானே பேசுவார்கள்? அதற்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வேலை நாள் மத்தியானம் திரையை அகலமாக விரித்துப் பார்த்தேன். ஒரு பூச்சி இல்லை.

பெரும்பாலும் மாலையில் இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க இறங்குகிறது என்பதை மட்டும் கவனித்தோம். "ஓய்வுநாளை ஆசரிக்கணும்னு நீங்கதான் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பிய" என்று சார் என்னைக் கிண்டல் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை விரித்துப் பார்ப்போம், ஆராதனை முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சார் கையைப் பின்னால் கட்டவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் விடியலில் மீன்பிடிக்கப் போன ஒரு லாஞ்சு, அதாவது விசைப்படகு, கரைக்கு வரவில்லை. டிரைவர் பெயர் கிளிட்டஸ். கூட அவன் ஆட்கள். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது. மீட்புக் கப்பல் கிளம்பிவிட்டது; ஆனால் மன்னார் வளைகுடாவில் எந்தப் பக்கம் போய்த் தேட?

"ஏதாச்சும் கேட்டிச்சான்னு திரும்பத் திரும்பக் கேக்காங்கம்மா. நான் என்ன சொல்ல?" என்றார்.

திரையைப் பார்த்தேன். அத்தனை நாளில் அவ்வளவு இருட்டாக அது ஆனதே இல்லை. தரையே தெரியவில்லை. பக்கத்துத் துறைமுகத்து இழுவைப் படகுகூட ஒரு மெல்லிய இழையாகத்தான் இருந்தது. தூரத்தில் ஒரு மனிதன் கூப்பிட்டால் எங்கே தெரியப்போகிறது? ஐயோ, இன்றைக்குப் பார்த்தா இந்தச் சனியன் இப்படிப் பண்ண வேண்டும்?

விரித்துப் பார்த்தோம். கப்பல் சேனல்களைத் தாண்டி, யாரும் இருக்கக் கூடாத இடத்தில், கயிறு கயிறாக வெளிச்சம். ஒன்று அணைய ஒன்று, நான்கைந்து ஒரே நேரத்தில். இவ்வளவு தடியாகத் தெரிகிறது என்றால் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். நான் ஜன்னலைத் திறந்தேன். கீழே மீன்பிடித் துறைமுகம். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. அத்தனை லாஞ்சும் எங்கள் கம்பத்தின் காலடியில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு லாஞ்சிலும் ஓர் ஆள் வாயருகே எதையோ பிடித்துக்கொண்டு நின்றான்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு லாஞ்சுகளுக்கு நடுவே போய் நின்றேன். "எல்லாரும் வயர்லெஸ் செட்டு வச்சிப் பேசுதியளா?" என்று கேட்டேன். ஒருவன், "எங்ககிட்ட ஏது மேடம் செட்டு" என்றான். கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. பின்னாலிருந்து செட்டு கரகரவென்று பேசியது. சிரிக்கிற நேரமாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. லைசென்ஸ் இல்லாத செட்டுகள். நாலைந்து லாஞ்சு சேர்ந்து ஒரு கூட்டாகத் தொழில் செய்யும். எங்கே மீன் பட்டது என்பதைப் பக்கத்துக் கூட்டு கேட்டுவிடக் கூடாது. அதனால் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு ரகசியச் சேனல், யாருக்கும் ஒதுக்காத ஏதாவது ஓர் இடத்தில். வேலை நாளில் அவர்கள் கடலில் தூரத்தில் இருப்பார்கள். நான் மத்தியானம் விரித்துப் பார்த்தபோது எதுவும் தெரியாததற்கு அதுதான் காரணம். மாலையில் கரை சேர்ந்து என் கம்பத்தடியில் பேசினால் பெட்டி காதைப் பொத்திக்கொள்ளும். இன்றைக்கோ விடிந்ததிலிருந்து எல்லாக் கூட்டும், தன் தன் சேனலில், ஒரே ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது ஒன்றில் அவன் காதில் விழாதா என்று. தொழிலில் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு திரிகிறவர்கள் எல்லாரும், "ஏலே கிளிட்டஸ், கிளிட்டஸ், கேக்குதாலே" என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கிளிட்டஸின் லாஞ்சுக்கு முதலாளி மச்சாது அண்ணாச்சி. அவருடைய இன்னொரு லாஞ்சில், செட்டுக்கு முன்னால், கிளிட்டஸின் மனைவி ரோஸ்லின் உட்கார்ந்திருந்தாள். குரல் போயிருந்தது. காற்றாகத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அவர்களிடம் நேராகவே சொன்னேன். "நான் போலீசு இல்ல. செட்டுக்கு லைசென்ஸ் கேட்டு வரல. நீங்க இம்புட்டுப் பேரு கம்பத்துக்குக் கீழ நின்னு பேசுததுல எங்க பெட்டிக்குக் காது அடைச்சிப் போச்சு. அவரு கூப்பிட்டாலும் எங்களுக்குக் கேக்காது. எல்லாரும் கொஞ்ச நேரம் நிப்பாட்டணும். அவரு எந்தச் சேனல்ல இருப்பாருன்னும் எனக்குத் தெரியணும். அந்த ஒரு இடத்துல மட்டும் காதை வச்சிப் பாக்கோம்."

மச்சாது அண்ணாச்சி கடலைப் பார்த்தார். சுற்றிலும் மற்றக் கூட்டுக்காரர்கள் நின்றார்கள். "அத எப்படி மேடம் இங்கன வச்சி…" என்று இழுத்தார்.

ரோஸ்லின் சேனலைச் சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் கேட்கும்படி, எண் எண்ணாக.

"ஏளா" என்றார் அண்ணாச்சி.

"மீனு போனாப் போட்டும் அண்ணாச்சி" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சேனலச் சொல்லிட்டேன். ஆனா நிப்பாட்டச் சொல்லாதிய அக்கா. நாங்க நிப்பாட்டிட்டா, அங்கன அவரு தனியால்லா போயிருவாவ."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அவரு இப்ப பேசிக்கிட்டே இருந்தா?" என்று மட்டும் கேட்டேன். "பேசிப் பேசி, யாருமே கேக்கலன்னா?"

அவள் செட்டின் குமிழைத் திருப்பி அணைத்தாள். எழுந்து நேராக ஏலக்கூடத்துக்குப் போனாள். மீன் ஏலம் கூறுகிற மைக் அங்கே உண்டு. அதை வாங்கி, அந்தப் போன குரலில் சொன்னாள்: "எல்லாரும் செட்ட அணைங்க. நான் அணைச்சிட்டேன். அவரு பேசுதாவளான்னு கேக்கணும். எல்லாரும் சத்தங்காட்டாம இருங்க." ஒலிபெருக்கி அதைத் துறைமுகம் முழுக்கக் கொண்டுபோனது.

சேனல் எண்ணைப் போனில் சாருக்குச் சொல்லிவிட்டு, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலையத்துக்கு வந்தேன். அவள் கை என் தோளில் இருந்தது. நகம் பதிந்த இடம் மறுநாளும் வலித்தது.

சார் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைக் காட்டினார். கயிறுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கரை முழுக்கப் பரந்து கிடந்த அத்தனை லாஞ்சும் ஒரு பெண்பிள்ளையின் பேச்சுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசியில் ரோஸ்லின் சொன்ன சேனலில் ஒன்றே ஒன்று மட்டும் நின்றது. அணையவே இல்லை. அது யார் என்று ரோஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது. போனை எடுத்து, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க" என்றாள்.

"கடைசியா ஒரு தடவ கூப்டுக்கிடுதேன்ளா" என்று மச்சாது அண்ணாச்சி அழுவது எனக்கே கேட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி."

அதுவும் அணைந்தது.

அப்போது தரை ஏறியது. இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இருட்டாகக் கிடந்த திரை, விளிம்பு முதல் விளிம்பு வரை, ஒரே சீராக மெல்ல வெளுத்தது. ஜெனரேட்டர் கோடு தன் பழைய இடத்துக்கு வந்து நின்றது. நங்கூரம் போட்ட கப்பல்கள், இழுவைப் படகு, அக்கரைக் கப்பல்கள், என்றைக்கோ பார்த்த இழைகள் எல்லாம் அங்கங்கே தோன்றின. பெட்டி தன் காதைத் திறந்துவிட்டது. இத்தனை பெரிய கடல் அந்தச் சின்ன அறைக்குள் வந்து நிற்பதுபோல இருந்தது எனக்கு. பயமாகவும் இருந்தது. கர்த்தாவே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனால் ரோஸ்லின் சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை.

ஒரு மாற்றம் செய்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். அந்தச் சட்டம் அன்றைக்குப் போல என்றைக்கும் என்னைக் கொன்றதில்லை. சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரைச்சலைக் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு சத்தமும் இல்லை. காக்கை கத்துவது மட்டும் கேட்டது. ரோஸ்லின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கண்ணில்தான் பட்டது. இழை என்றுகூடச் சொல்ல முடியாது. இரைச்சலுக்கு நடுவே, ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் நேராக நின்ற வெளுப்பு. சார் விரலை நீட்டினார், தொடாமல். பக்கத்து இரைச்சலை வடிகட்டும் ஃபில்டரை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். ஹெட்ஃபோனில் மணலைக் கொட்டுவது போன்ற சத்தத்துக்கு அடியில் ஒரு மனிதக் குரல் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"…கேக்குது… ஏலே, எனக்குக் கேக்குதுலே… நீங்க பேசுததெல்லாம் கேக்குது… ஏன் நிப்பாட்டிட்டிய? ஏலே, ஏன் நிப்பாட்டிட்டிய…"

ரோஸ்லின் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் அழுதேன். அதில் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

லாஞ்சுக்குள் தண்ணீர் ஏறி எஞ்சினும் பாட்டரியும் போய்விட்டன என்று பிறகு தெரிந்தது. கையடக்கமான ஒரு சின்ன செட்டு மட்டும் மிச்சம். கரையில் இருந்த பெரிய செட்டுகளின் சத்தம் அவன் வரைக்கும் போயிருக்கிறது; அவன் சின்ன செட்டின் சத்தம் லாஞ்சுகளின் குட்டை ஆன்டெனாவுக்கு எட்டவில்லை, எங்கள் கம்பத்துக்கு மட்டும்தான் எட்டியிருக்கிறது. விடிந்ததிலிருந்து அவன் ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் பதில் சொல்லியிருக்கிறான்.

"ஒரு ஆளு மட்டும் பேசணும். பேசிட்டு நிப்பாட்டணும். நிப்பாட்டுனாத்தான் அவன் பேச முடியும்" என்றார் சார். ரோஸ்லின் அதை அப்படியே போனில் மச்சாது அண்ணாச்சிக்குச் சொன்னாள். கரையிலிருந்து அண்ணாச்சி ஒரு வாக்கியம் பேசுவார். அப்போது எங்கள் திரை இருண்டுபோகும். அவர் வாயை மூடியதும் தரை ஏறும். கரை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கொஞ்சம் கழித்து அந்த இழை வரும். இப்படி மாறி மாறி. செல்போனில் டவர் இல்லாவிட்டாலும் நிற்கும் இடத்தின் எண்களை அது காட்டும் என்று அண்ணாச்சி சொல்ல, கிளிட்டஸ் ஒவ்வொரு எண்ணாக வாசித்தான். சார் அதை மீட்புக் கப்பலுக்குச் சொன்னார். நாங்கள் நினைத்திருந்த பக்கமே இல்லை அது. பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் உயிரோடு ஏற்றிவிட்டோம் என்று தகவல் வந்தது. சார் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ரிசீவருக்கு முன்னால், கப்பல் சேனல்களை மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டர் மாட்டினோம். ஆனால் அது அந்த ரகசிய இடங்களையும் சேர்த்து அடைத்துவிடும் என்பதால், இன்னொரு பெட்டியை அகலமாகத் திறந்தே வைத்தோம். மனுஷன் எந்த இடத்திலிருந்து கூப்பிடுவான் என்று நாமே முடிவுசெய்துகொண்டு உட்காரக் கூடாது. என் நாற்காலியில் இருக்கும் பெண்ணே, இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள். கேபிளை அப்புறம் மாற்றலாம்.

சில நாள் கழித்து கிளிட்டஸும் ரோஸ்லினும் நிலையத்துக்கு வந்தார்கள். பெரிய நண்டு ஒரு கூடை. வேண்டாம் என்று சார் சொல்ல, வைத்துவிட்டுத்தான் போவோம் என்று அவர்கள் சொல்ல, நான் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டேன். கிளிட்டஸ் நெட்டையான ஆள், வெயிலில் உதடு வெடித்திருந்தது. தன் குரல் எப்படித் தெரிந்தது என்று பார்க்க ஆசைப்பட்டான். பெட்டி எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருந்தது. ஓடவிட்டேன்.

அந்த மெல்லிய இழை வந்ததும், "இதுதான் நீங்க" என்று ரோஸ்லின் அவனுக்குக் காட்டினாள். அவன் சிரித்தான். "இம்புட்டுதானா நான்?" என்றான்.

பிறகு பதிவைப் பின்னால் கொண்டுபோகச் சொன்னான். கரை மௌனமாவதற்கு முந்தின பகுதி. தடித்த கயிறுகள் மேலும் கீழுமாகக் கத்திக்கொண்டிருந்தன. இடையில் எல்லாம் கன்னங்கரேலென்று கிடந்தது. அந்த இருட்டை அவன் வெகுநேரம் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. ஒரு விரலை அதன்மேல் வைத்தான்.

"இங்கனயும் நான் பேசிக்கிட்டுத்தான் இருந்தேன்க்கா" என்றான்.